பெயருக்கு விட்ட இடம்

காதில் இயர்போன் இருக்கும்போது ஸ்பீக்கர் மூச்சு விடக் கூடாது. கம்ப்யூட்டரின் முன்பக்கத்துத் துளையில் இயர்போனைச் செருகினால் பின்பக்கத்து ஸ்பீக்கர் தானாக வாயை மூடிக்கொள்ளும். செல்வக்குமாருக்கு இது பல் விளக்குவது மாதிரிப் பழகிப்போன விஷயம். ஆனால் அன்று சாயங்காலம், இரண்டு காதிலும் இயர்போன் இருக்க, மேசையின் ஓரத்தில் நின்ற புது ஸ்பீக்கர் மெல்ல மூச்சை இழுத்தது.

இயர்போனைக் கழற்றிவிட்டுக் கவனித்தான். மேலே மின்விசிறி கடகடத்துக்கொண்டிருந்தது, தெருக்குழாயடியில் யாரோ குடத்தை இறக்கினார்கள், பக்கத்து வீட்டில் மீன் பொரிகிற வாசனை மாடி ஜன்னல் வழியே வந்தது, உள்ளறையில் மகள் மீனா இருமினாள். வேறொன்றும் இல்லை.

மீனாவுக்கு ஏழு வயது. காய்ச்சல் இறங்குவதும் ஏறுவதுமாக இருந்தது. இன்றைக்குப் பொழுது சாய்வதற்குள் இறங்காவிட்டால் பெரிய ஆஸ்பத்திரியில் சேர்த்துவிடுங்கள் என்று டாக்டர் சொல்லியிருந்தார். அவர் எழுதிக்கொடுத்த மருந்து இங்கே கிடைக்காமல், அவன் மனைவி தமிழ்ச்செல்வி பெரிய ரோட்டுப் பக்கம் தேடிப் போயிருந்தாள். பிள்ளையை நினைத்துக்கொண்டே சும்மா உட்கார்ந்திருக்க முடியவில்லை. அதனால்தான் பிரிக்காமல் கிடந்த ஸ்பீக்கர் பெட்டியைப் பிரித்திருந்தான்.

திருநகரிலிருந்து திருமங்கலம் வரை, ஆட்டோவில் ஒலிபெருக்கிக் குழாய் கட்டி அறிவிக்கிற குரல்களில் பாதி அவனுடையது. கடை திறப்பு, கோயில் பொங்கல், சாவு. அதிலும் சாவுக்கு அவன் குரல்தான் வேண்டும் என்று கேட்டு வருவார்கள். அவன் தலையைக் கண்டாலே டீக்கடையில், அண்ணே, வாயைத் திறக்காதீங்க, டீ தொண்டையில் இறங்காது என்று கிண்டல் செய்வார்கள். அவனும் சிரித்துக்கொள்வான். பிழைப்பு அது.

சாவு அறிவிப்புக்கு ஒரு மாதிரியைப் பேசிப் பதிவு செய்து வைத்திருந்தான். ‘கனத்த இதயத்துடன் தெரிவிக்கிறோம்’ என்று தொடங்கும். ‘இன்று மாலை காலமானார்’ என்று முடியும். நடுவில் பெயருக்கு இடம் விட்டிருக்கும். அங்கே ஊர், தெரு, அப்புறம் இன்னாரின் மனைவி, இன்னாரின் தாயார் என்று உயிரோடு இருக்கிற உறவுகளெல்லாம் முதலில். செத்தவர் பெயர் கடைசியில். உறவில் யார் பெயர் முந்துவது என்று சாவு வீட்டிலேயே சட்டையைப் பிடித்துக்கொள்வார்கள்.

அந்த இடம் காலியாக இருக்கும்போது அறிவிப்பை வெளியே விடக் கூடாது என்பது இந்தத் தொழிலில் ஒரு வழக்கம். இயர்போனில் மட்டும்தான் கேட்டுப் பார்க்க வேண்டும். ஸ்பீக்கரில் விட்டே ஆகவேண்டுமென்றால், என்றைக்கோ செத்துப்போன மொக்கையன் என்பவரின் பெயரை அங்கே ஒட்டிவிட்டு ஓடவிடுவார்கள். ஏன் என்று யாரும் சொன்னதில்லை. செல்வக்குமாரும் கேட்டதில்லை. இத்தனை காலம் ஸ்பீக்கரே இல்லாமல் இயர்போனிலேயே காலம் தள்ளியவனுக்கு அது தேவைப்படவும் இல்லை. இன்று, கொஞ்சம் முன்னால், கம்ப்யூட்டரின் பின்பக்கத்துப் பச்சைத் துளையில் வயரைச் செருகி, ஸ்பீக்கருக்குத் தனியாகக் கரண்டும் கொடுத்து, சிவப்பு விளக்கு எரிந்ததும், கைக்கு முதலில் கிடைத்ததை ஓடவிட்டுச் சத்தத்தைச் சோதித்திருந்தான்.

கைக்குக் கிடைத்தது பெயர் காலியாக இருந்த அந்த அறிவிப்புதான்.

இப்போதுதான் அந்த வழக்கம் நினைவு வந்தது. சும்மா பயம் என்று தன்னையே திட்டிக்கொண்டு, இயர்போனை மாட்டி மறுபடியும் ஓடவிட்டான். இயர்போனில் அவன் குரல் ‘தெரிவிக்கிறோம்’ என்று நின்றது. அதற்குப் பின் வெறும் மௌனம். திரையில் அந்த இடத்தில் கோடு அசையாமல் நேராகக் கிடந்தது. ஸ்பீக்கரில் மட்டும் யாரோ எச்சில் விழுங்கினார்கள்.

பெயரைச் சொல்லும் முன் எச்சில் விழுங்குவது அவனுடைய பழக்கம். ஒவ்வொரு தடவையும் அவனே அதை வெட்டி எறிவான். அந்தச் சத்தத்தை இந்த உலகத்தில் அவனைத் தவிர வேறு யாரும் கேட்டதில்லை.

மேசைக்கு அடியில் குனிந்து, தூசிக்குள் கையை விட்டு, பச்சைத் துளையிலிருந்து வயரைப் பிடுங்கினான். வயர் பிடுங்கின ஸ்பீக்கர் உர்ரென்று உறுமும், அது இயல்புதான். உறுமியது. உறுமலுக்கு அடியிலிருந்து, அவனுடைய குரலில், நிதானமாக வந்தது.

“திருநகர்...”

பிறகு தெருவின் பெயர். அவன் வீடு இருக்கிற தெரு.

போனை எடுத்து சிவபாண்டியைக் கூப்பிட்டான். அறிவிப்பு ஆட்டோ ஓட்டுகிறவன், பள்ளிக்கூடத்திலிருந்து கூட்டாளி. நடந்ததைச் சொன்னான். சிவபாண்டி எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டான்.

“மாப்ள, வீட்டுல யாருக்காச்சும் மேலுக்கு முடியலயா?”

“பாப்பாவுக்குக் காய்ச்சல்டா.”

“அந்த எடத்த அடச்சிரு. செத்தவுக பேரா போட்டு அடச்சிரு, இப்பவே.” குரல் இறங்கியது. “நான் அங்கிட்டு வரலடா. என்னையக் கூப்புடாத.”

மைக்கை இழுத்து வைத்து, மொக்கையன் என்று பேசினான். காலி இடத்தில் ஒட்டினான். வயரைத் திரும்பச் செருகி ஓடவிட்டான். ‘தெரிவிக்கிறோம்... திருநகர்...’ தெரு. பிறகு மொக்கையன் வரவேண்டிய இடத்தில் ஒன்றுமில்லை. எச்சில் விழுங்கும் சத்தம். காத்திருக்கிற மூச்சு. திரையில் மொக்கையன் பெயர் மேடும் பள்ளமுமாகத் தெரிகிறது. ஸ்பீக்கர் அதைத் தொடவே இல்லை.

உள்ளே மீனா முனகினாள். ஓடிப்போய் நெற்றியில் கை வைத்தான். சுட்டது. நெற்றியில் போட்டிருந்த ஈரத்துணி காய்ந்து விறைத்திருந்தது. “தண்ணி வேணுமாப்பா” என்று கேட்டான். அவள் கண்ணைத் திறக்கவில்லை. துணியைப் பிழியாமலே நனைத்துப் போட்டான், அவள் கழுத்தெல்லாம் தண்ணீர் சிந்தியது. இவள் இல்லாமல் இந்த வீட்டில் அவனால் ஒரு நாள்கூட மூச்சு விட முடியாது. அது அவனுக்கு அந்த நிமிஷம் பட்டவர்த்தனமாகத் தெரிந்தது.

இந்த வீட்டிலிருந்துதான் ஒரு பெயர் வேண்டுமா? சரி. எடுத்துக்கொள்.

மேசைக்கு வந்தான். வெளிச்சம் மங்கிக்கொண்டிருந்தது. விளக்கைப் போடவில்லை. மொக்கையனை அழித்தான். மைக்கைப் பிடித்துக்கொண்டு, எச்சில் விழுங்கிவிட்டு, தெளிவாக, ஊருக்கே தெரிந்த அந்தக் குரலில், தன் பெயரைச் சொன்னான்.

ஓடவிட்டான்.

‘கனத்த இதயத்துடன் தெரிவிக்கிறோம்.’

திருநகர். தெரு.

“செல்வக்குமார்...”

ஸ்பீக்கர் எடுத்துக்கொண்டது. கண்ணை மூடிக்கொண்டான். நெஞ்சுக்குள் ஏதாவது வெடிக்கும் என்று காத்திருந்தான். அப்பாடா என்றுகூட ஒரு கணம் இருந்தது.

“...அவர்களின் அன்பு மகள்...”

இத்தனை வருஷம் இதையே பேசிப் பிழைத்தவன். உயிரோடு இருக்கிறவர்கள் பெயர்தான் முதலில் வரும் என்று ஊருக்கெல்லாம் சொல்லிக்கொடுத்தவன். அந்த முதல் இடத்தில் தானே போய்த் தன் பெயரை வைத்துவிட்டான். கடைசி இடம் மகளுக்கு.

பாய்ந்து பிளக்கைப் பிடுங்கினான். சிவப்பு விளக்கு அணைந்தது. ஸ்பீக்கர் செத்தது. திரை செத்தது. மின்விசிறியும் ஏனோ நின்றது.

அமைதி.

பிறகு உள்ளறையிலிருந்து மீனாவின் குரல். கம்மிப்போய், தெளிவாக.

“அப்பா... எதுக்கு ரோட்டுல எம்பேரச் சொல்லிட்டே வர்ற?”

அவன் ஜன்னலுக்குப் போனான். தெருமுனையில் ஆட்டோ ஒன்று திரும்பியது. மேலே இரண்டு குழாய். இரண்டும் இந்த வீட்டைப் பார்த்து. அதிலிருந்து வந்தது அவன் குரல். தெரு, அவன் பெயர், அன்பு மகள், அப்புறம் பிள்ளையின் பெயர். தெருக்குழாயடியில் நின்ற பெண்கள் குடத்தை விட்டுவிட்டு மாடி ஜன்னலைப் பார்த்தார்கள்.

ஆட்டோவுக்குப் பின்னால் தமிழ்ச்செல்வி வந்துகொண்டிருந்தாள். காலில் செருப்பு இல்லை. மருந்துக் கவரை மார்போடு பிடித்திருந்தாள். நிமிர்ந்து அவனைப் பார்த்தாள். அவன் வாய் மூடித்தான் இருக்கிறது என்று அவளுக்குத் தெரிந்தது. ஆனாலும் நிறுத்தச் சொல்லி அவனைத்தான் கையெடுத்துக் கும்பிட்டாள்.

‘இன்று மாலை’ என்றது அவன் குரல்.

உள்ளறையில் இருமல் நின்றிருந்தது.