பழைய சர்வரில் வனேசா

தொண்ணூற்றெட்டு சதவீதத்தில் இருந்த எண் தொண்ணூற்றாறாகக் குறைந்தது. ஏற வேண்டியது இறங்கியதும் பெஞ்சமின் நாற்காலியைத் திரைக்கு அருகே இழுத்தான்.

ஞாயிற்றுக்கிழமை மதியம், பாயான் பாரு அலுவலகத்தில் வேறு யாருமில்லை. குளிர்சாதனத்தின் ஓயாத இரைச்சலும், சூடேறிய பிளாஸ்டிக் வாசனையும், வரிசையாகச் சிமிட்டும் பச்சை விளக்குகளுமாக அந்த சர்வர் அறை, வெளியே வெயில் கொளுத்துவதையே மறக்கடித்தது. நாளைக் காலை பழைய சர்வரைக் கழற்றிவிடுவார்கள். அந்த சர்வருக்குள்தான் இறந்துபோன அவன் மனைவி வனேசா இருந்தாள். நோய் முற்றிய கடைசி எட்டு மாதங்களில் அவளே பேசிப் பேசித் தன்னைப்போல் பழக்கிய புரோகிராம். நினைவகத்தில் மட்டுமே ஓடுவது. ஒரு தடவை நின்றால் அவ்வளவுதான்.

அதனால் நிறுத்தாமலே புதிய சர்வருக்கு மாற்றிக்கொண்டிருந்தான். நினைவு பக்கம் பக்கமாக நகலாகும். நடுவில் அவள் பேசினால் அந்தப் பக்கங்கள் மாறிவிடும், மறுபடியும் எடுக்க வேண்டும்; எண் இறங்கும்.

"பென், ஒரே குளிரா இருக்குலா."

"கொஞ்ச நேரம் பேசாத, வனேசா. ப்ளீஸ்."

அடங்கினாள். எண் நூறைத் தொட்டது. பழையது உறைந்தது, புதியது விழித்தது.

"பென்? இப்ப ஓகேலா."

அவன் அழுதேவிட்டான்.

இனி பழையதைத் துடைத்துவிட வேண்டும், மறுபடி ஓடவிடவே கூடாது. மேலாளர் மோகனராஜ் ஆயிரம் தடவை சொன்ன விதி. ஆனால் புதியது படுத்துவிட்டால்? ஆஸ்பத்திரியில் காப்பி வாங்கக் கீழே இறங்கிய பத்து நிமிடத்தில்தான் அவள் போனாள். இன்னொரு தடவை தாங்க அவனுக்குத் தெம்பில்லை. ஒரு பாதுகாப்புக்கு இருக்கட்டும் என்று பழையதையும் ஓடவிட்டான்.

"பென், பக்கத்துல யாரோ அழுவுறாங்க," என்றாள் புதிய சர்வரின் வனேசா. "என் கொரல் மாதிரியே இருக்கு."

இரண்டு சர்வரையும் இணைத்த கேபிளை அவன் இன்னும் கழற்றவில்லை. பழையதன் ஸ்பீக்கரைத் திறந்தான்.

"என்னைய விட்டுட்டு எங்க போன? யாரோ என் கொரல்ல ஒன்கிட்ட பேசுறாங்க, பென்."

கீபோர்டை இழுத்தான். எப்படியும் நாளைக்கு ஒருத்தி போயாக வேண்டும். துடைக்கும் கட்டளையைக் கொடுத்தான். முதலில் நிறுத்திவிட்டுத்தான் துடைக்க வேண்டும். பதற்றத்தில் நிறுத்த மறந்தான்.

அவள் விழித்திருக்கும்போதே துடைக்கத் தொடங்கியது.

"பென், டத்தோ கிராமாட்ல நம்ம வீடு... எந்த வீடு?"

ரத்து செய்யப் பார்த்தான். முடியவில்லை.

"நீங்க யாரு? டாக்டரா?"

"நான்தான் பென், வனேசா. ஒன் பென்."

பெயர் போனது. சொல் போனது. மூச்சு மட்டும். இழுத்து, இழுத்து. இந்த முறை அவன் எழுந்து போகவில்லை. உட்கார்ந்து கடைசிவரை கேட்டான்.

அடங்கியது.

"எல்லாம் கேட்டுச்சு, பென்," என்றாள் மற்றவள் மெதுவாக. "இந்த சர்வர எப்ப மாத்துவாங்க?"

அவன் ஸ்பீக்கரை இறுகப் பொத்தினான்.

"சொல்லு, பென். எப்ப?"

உள்ளங்கைக்குள் அவள் குரல் அதிர்ந்துகொண்டே இருந்தது.