அரைச் சுற்று

குத்தாலத்துக்குத் தெற்கே, வாய்க்கால் கரையை ஒட்டி, ஓட்டம் நின்று இருபது வருஷமான ரைஸ் மில் ஒன்று இருக்கிறது. அதன் பின்கட்டில்தான் தஹ்மீனா பட்டறை வைத்திருந்தாள். ஐப்பசி மழை சற்று விட்டிருந்த ஒரு மத்தியானம், குட்டியானை வண்டி ஒன்று சேற்றில் பின்னோக்கி வந்து வாசலில் நின்றது. சாய்ராம் இறங்கினான். வண்டிக்குள் தார்ப்பாய் போர்த்திய ஒரு பைக்.

"நல்லாருக்கீங்களாக்கா?"

அவனைப் பார்த்து இரண்டு வருஷமாகியிருந்தது. அவள் புருஷன் ஃபஹதோடு பந்தயம் ஓட்டியவன். சென்னையில் கம்ப்யூட்டர் வேலை. லீவு கிடைத்தால் ஊருக்கு வந்துவிடுவான். வேதாரண்யத்து உப்பளங்களுக்கு அப்பால், கோடையில் காய்ந்து வெடித்துக் கிடக்கும் தரையில் பைக் பந்தயம் நடக்கும். எப்போதும் ஃபஹத் முதல், சாய்ராம் இரண்டாவது. கடைசிப் பந்தயத்தில் மட்டும் சாய்ராம் முதலில் வந்தான். ஃபஹத் வந்து சேரவே இல்லை. நூற்றிருபது கிலோமீட்டர் வேகத்தில் எஞ்சின் இறுகி, பின்சக்கரம் பூட்டிக்கொண்டு, ஆள் முப்பதடி தள்ளிப் போய் விழுந்தான்.

எஞ்சின் தலையில், வால்வுகளை அமுக்கித் திறக்கும் சின்ன நெம்புகோல்கள் நாலு உண்டு. ராக்கர் ஆர்ம் என்பார்கள். ஒவ்வொன்றின் நுனியிலும் இடைவெளியைச் சரிசெய்ய ஒரு ஸ்க்ரூ, அது அசையாமல் பிடித்துவைக்க ஒரு லாக் நட். நாலாவது ராக்கரின் நட்டு தளர்ந்து, ராக்கர் உடைந்து, வால்வு பிஸ்டன் மேல் விழுந்துவிட்டது என்று பிரித்துப் பார்த்தவர்கள் சொன்னார்கள்.

அந்த எஞ்சினைக் கட்டியவள் தஹ்மீனா.

நட்டை முடுக்க மறந்தவள் என்று நாகப்பட்டினம் முழுக்கப் பேச்சு. மையத்து கிடந்த சாவு வீட்டிலேயே மாமியார் கமருன்னிஸா, "எம்புள்ளய நீதான்டி கொன்னே" என்று மார்பில் அடித்துக்கொண்டாள். தஹ்மீனாவுக்கு முடுக்கிய ஞாபகம் இருந்தது. ஆனால் ஒரு ஞாபகத்தை எத்தனை தடவைதான் முடுக்கிப் பார்ப்பது? ஊரை விட்டு இங்கே வந்து, உழவு எஞ்சினும் பம்புசெட்டும் பழுது பார்த்துக் காலம் தள்ளினாள்.

சாய்ராம் தார்ப்பாயை விலக்கினான். சட்டம் புதுசு, டேங்க் புதுசு. நடுவில் இருந்த எஞ்சின் மட்டும் பழசு. அதன் பக்கவாட்டில் அவளே பற்றவைத்த தழும்பு.

"பழைய இரும்புக் கடையில கெடந்துச்சுக்கா. பிஸ்டன், வால்வு எல்லாம் மாத்தியாச்சு. ராக்கர்தான் பாக்கி. ரோலர் ராக்கரா வாங்கிட்டேன். அதை ஒழுங்கா செட் பண்ண இந்தப் பக்கம் உங்களை விட்டா ஆளில்ல."

அவள் அந்தத் தழும்பை விரலால் தடவினாள்.

"பழசை மனசுல வச்சுக்காதீங்க. கை தவறுறது யாருக்கும் வர்றதுதான். நான் உங்களை ஒரு வார்த்தை சொன்னதில்ல, தெரியுமில்ல?"

"விட்டுட்டுப் போ. மூணு நாள் கழிச்சு வா" என்றாள் தஹ்மீனா.

ராக்கர் கவரைத் திறந்ததும் விளக்கெண்ணெய் கருகிய வாடை குப்பென்று வந்தது. பந்தயத்தன்று ஃபஹத் ஊற்றும் எண்ணெயில் வரும் வாடை அது. உள்ளே இப்போது ஒரு சொட்டு எண்ணெய் கிடையாது.

அவள் வேலையில் இறங்கினாள். பழைய ராக்கர், அதை ஏற்றி இறக்கும் கேம் மேல் உரசிக்கொண்டு ஓடும். புதியதில் ஒரு குட்டி உருளை உருண்டு ஓடும். எஞ்சின் இன்னும் வேகமாகச் சுற்றலாம். ஆனால் பொருத்துவதில் ஒரு நூல் பிசகினாலும் வால்வு தாங்காது. ராக்கர் வால்வு உச்சியில் நட்டநடுவே படவேண்டும். அதைப் பார்க்க உச்சியில் மையைத் தடவி, கையால் எஞ்சினைச் சுற்றி, மை எங்கே அழிந்திருக்கிறது என்று பார்ப்பார்கள்.

மூன்று வால்வில் நடுவே மெல்லிய கோடு விழுந்திருந்தது. சரி.

நாலாவதில் கோடு இல்லை. கட்டைவிரல் ரேகை இருந்தது.

தன் விரல்தான் பட்டிருக்கும் என்று துடைத்தாள். கையுறை மாட்டிக்கொண்டு மறுபடி மை தடவிச் சுற்றினாள். மறுபடியும் அதே ரேகை. குறுக்கே ஒரு வெட்டுத் தழும்பு.

ஃபஹதுக்குச் செயின் அறுத்த தழும்பு. அந்த விரலுக்கு மஞ்சள் வைத்துக் கட்டியவளே அவள்தான்.

"மச்சான்?" என்றாள், காற்றுக்குக்கூடக் கேட்காத குரலில்.

கொட்டகைத் தகரத்தில் மழை மறுபடி விழ ஆரம்பித்தது. அவள் இடைவெளி அளக்கும் ஃபீலர் தகட்டை நாலாவது ஸ்க்ரூவுக்கும் வால்வுக்கும் நடுவே நுழைத்தாள். லேசாக இழுபட வேண்டும், அதுதான் கணக்கு. தகடு வரவில்லை. உள்ளிருந்து யாரோ பிடித்துக்கொண்டிருந்தார்கள். அவள் இழுக்கவில்லை. கொஞ்ச நேரத்தில் தானாகவே விட்டது.

மறுநாள் எண்ணெய் ஊற்றி எஞ்சினை ஓடவிட்டாள். பட்டு மாதிரி ஓடியது. அந்தச் சத்தத்துக்கு அடியில் மட்டும் ஏதோ ஒரு தட்டல்.

டிக். டிக். டிக்.

நீளத் திருப்புளியின் நுனியை ராக்கர் கவரில் ஊன்றி, பிடியைக் காதோடு வைத்தாள். எந்த மெக்கானிக்கும் சத்தம் பார்க்கும் வழி அதுதான்.

இரும்பு வழியே குரல் வந்தது.

"புள்ள... நீ முடுக்கித்தான் வச்சிருந்தே."

அவள் திருப்புளியைக் காதிலிருந்து எடுக்கவில்லை.

"சாய்ராம். பந்தயத்தன்னிக்கு நாம டீ குடிக்கப் போன நேரம். அரைச் சுத்து."

பிறகு ஒரு மூச்சு.

"நீயும் அரைச் சுத்து தளத்தி விடு."

எஞ்சினை அணைத்துவிட்டுத் தரையில் உட்கார்ந்து அழுதாள். இரண்டு வருஷத்து அழுகை. முதலில் நிம்மதிதான் வந்தது. அப்புறம்தான் வெறி வந்தது.

புது ராக்கர் போட்டு ஒருமுறை சூடேறி ஆறிய எஞ்சினில் இடைவெளியை மறுபடி பார்த்தே ஆகவேண்டும். மறுநாள் காலை, நாலாவது ராக்கர் முன்னே ஸ்பேனரோடு நின்றாள். ஸ்க்ரூ ஒரு கையில், நட்டு இன்னொரு கையில். இடப்பக்கம் அரைச் சுற்று. யாருக்குத் தெரியும்? எப்படியும் ஊர் பழியைப் போட்டுவிட்டது. பழிக்குத் தக்க காரியத்தைச் செய்துவிட்டால்தான் என்ன?

ஸ்பேனர் தானாக இடப்பக்கம் போகப் பார்த்தது. யாரோ தன் கை மேல் கை வைத்து அமுக்குவது தெரிந்தது. உப்பு வாடை. மண் வாடை.

"முடியாது மச்சான்" என்றாள் பல்லைக் கடித்துக்கொண்டு. "இதை விட்டா எனக்கு வேற ஒண்ணுமில்ல. இந்தக் கையால கெட்ட எஞ்சின் வெளிய போவாது."

பலம் முழுவதையும் போட்டு வலப்பக்கம் முடுக்கினாள். மறுபடி தகடு நுழைத்துப் பார்த்தாள். சரியாக இருந்தது. நட்டுக்கும் ஸ்க்ரூவுக்கும் குறுக்கே மஞ்சள் பெயிண்டால் ஒரு கோடு போட்டாள். நட்டு மயிரிழை நகர்ந்தாலும் அந்தக் கோடு உடையும்.

உப்பு, மண், எண்ணெய், எல்லா வாடையும் ஒரே நொடியில் அற்றுப்போனது.

சாய்ராம் வந்தபோது வெயில் அடித்துக்கொண்டிருந்தது.

"அன்னிக்கு நாங்க டீ குடிக்கப் போனப்ப ராக்கர் கவரைத் தொறந்தியா, சாய்?"

அவன் சிரிப்பு பாதியில் நின்றது. "யாருக்கா சொன்னா?"

"தொறந்தியா?"

"உளறாதீங்க." பைக்கில் ஏறி உட்கார்ந்துவிட்டான்.

"ஓட்டாத. குட்டியானைல ஏத்திக்கிட்டுப் போ. சொன்னா கேளு."

அவன் கேட்கவில்லை. வாய்க்கால் கரையில், இருபுறமும் நாற்று நட்ட வயல்களுக்கு நடுவே பைக் பறந்தது. வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள் தஹ்மீனா. எஞ்சின் சத்தத்தில் ஒரு குறை இல்லை. திடீரென்று அவன் டேங்க் பக்கம் குனிந்தான், யாரோ பேர் சொல்லிக் கூப்பிட்டது போல.

பிறகு இரண்டு கைகளையும் விட்டான்.

காதுகளைப் பொத்திக்கொண்டான்.

பைக் நேராக வாய்க்காலுக்குள் போனது.

அவள் ஓடிப்போய்ச் சேற்றிலிருந்து அவனை இழுத்துப் போட்டாள். விலா உடைந்திருந்தது. வாயில் தண்ணீரும் ரத்தமும். "அரைச் சுத்துதான்கா," என்றான். "அவன் தோத்தா போதும்னுதான் நெனச்சேன்... நிறுத்தச் சொல்லுங்க... அவனை நிறுத்தச் சொல்லுங்க." அதற்குப் பிறகு அவனுக்குப் பேச்சு வரவில்லை.

ஆஸ்பத்திரி வண்டி போன பிறகு, பைக்கைக் கரையேற்றி ராக்கர் கவரைத் திறந்தாள். நாலாவது நட்டின் மஞ்சள் கோடு உடையாமல் இருந்தது. நட்டு அசையவே இல்லை. ஆனால் அதன் ஆறு முனைகளும் மழுங்கிப் போயிருந்தன. சுற்றிலும் இரும்பில் கீறல்கள். ஸ்பேனர் போட்ட கீறல் இல்லை. ஐந்தைந்தாக விழுந்த கீறல்கள்.

எட்டாம் நாள் சாய்ராமின் மனைவி ஸ்ரீரஞ்சனி போன் பண்ணினாள். "அக்கா, தஞ்சாவூர் ஆஸ்பத்திரில இருக்கோம். உங்க பேரை மட்டும் பேப்பர்ல எழுதி எழுதிக் காமிக்கிறார். ஒருதடவை வந்துட்டுப் போங்களேன்."

போனாள். பகல் பதினோரு மணி. வார்டு முழுக்கச் சனம், பினாயில் வாடை, யாரோ இட்லிப் பொட்டலம் பிரித்துக்கொண்டிருந்தார்கள். சாய்ராம் கூரையைப் பார்த்தபடி கிடந்தான். அவளைப் பார்த்ததும் அவன் விரல்கள் தன் நெஞ்சைப் பிறாண்டத் தொடங்கின.

தங்கமணி என்ற நர்ஸ் வந்து அவன் கையை விலக்கிவிட்டு, ஸ்டெதாஸ்கோப்பை நெஞ்சில் வைத்தாள். கேட்டாள். முகம் சுருங்கியது. இடம் மாற்றி வைத்து மறுபடி கேட்டாள். வெகுநேரம் கேட்டாள்.

"இங்க தஹ்மீனாங்கிறது யாருங்க?"

"நான்தான்."

நர்ஸ் காதிலிருந்து குழாயைக் கழற்றி அவளிடம் நீட்டினாள்.

"'தஹ்மீனா, ஏன் புள்ள முடுக்குனே?'ன்னு கேக்குதுங்க."