பட்டுக்குப் பதில் துண்டு

ஞாயிறு மாலை, ஏழு மணி. வல்லம் வடகாலில் பெனிஷாவும் சந்தனமாரியும் குடியிருந்த வாடகை அறை. அட்டைப் பெட்டியைத் திறந்த ஜெர்சி அப்படியே உட்கார்ந்துவிட்டாள். நாத்தனார் பெனிஷாவின் கல்யாணத்துக்கு எடுத்த வெள்ளைப் பட்டைப் பார்க்கவென்றே வாலாஜாபாத்திலிருந்து வந்திருந்தாள். உள்ளே இருந்தவை இரண்டு குளியல் துண்டுகள்.

"இன்னாடி இது? பொடவ எங்க?"

பெனிஷா முகத்தை மூடிக்கொண்டு அழுதாள்.

தோழி ஸௌம்யா பெட்டியை எட்டிப் பார்த்தாள். அவள், பெனிஷா, சந்தனமாரி மூவருக்கும் ஒரகடத்தில் ஒரே தொழிற்சாலையில் வேலை. லீவு போட்டுச் சென்னைக்குப் போய், மெரினாவில் சுண்டல், தி.நகரில் புடவை, பிரியாணி, ஃபலூடா என்று சுற்றிவிட்டு அப்போதுதான் திரும்பியிருந்தார்கள்.

"பை யார்கிட்ட இருந்தது?" என்றாள் ஸௌம்யா.

"எங்கிட்டதான்க்கா." சந்தனமாரி திருநெல்வேலிக்காரி. "பஸ்ல கொஞ்சம் கண்ணசந்துட்டேன். ஆனா மடியிலதான் வச்சிருந்தேன்."

"அப்ப நீதான் பதில் சொல்லணும்," ஜெர்சி சீறினாள். "போலீஸுக்குப் போலாம், வா."

சந்தனமாரி அவளை நிமிர்ந்து பார்த்தாள். "நான் எடுப்பேனாக்கா?"

ஸௌம்யா துண்டைப் பிரித்துப் பார்த்தாள். விலைச் சீட்டில் புடவைக் கடையின் பெயரே இருந்தது.

"மாரி, பையை வேற யார்கிட்டயாவது குடுத்தியா?"

"பிரியாணிக் கடை வாசல்ல பெனிஷாகிட்ட குடுத்தேன். நீங்களும் நானும் வரிசையில நின்னோம்லா."

எதிர்ச் சாரியில்தான் புடவைக் கடை. வரிசையும் நீளம். ஸௌம்யா பெனிஷாவின் பக்கத்தில் போய் உட்கார்ந்தாள்.

"பஸ்ல திருடுறவன் பையோட இறங்கிப் போயிடுவான். பதிலுக்குத் துண்டு வைக்க மாட்டான். அதுவும் அதே கடைத் துண்டு. நாம துண்டு வாங்கவே இல்லை. யாரோ திரும்பக் கடைக்குப் போயிருக்கணும். மாரி என் கூடவே நின்னா. தனியா இருந்தது நீ ஒருத்திதான். ஏன் பெனிஷா?"

அழுகை நின்றது.

"ஜாக்கெட் தைக்கிற கவுன்டர்ல குடுத்துட்டேன். பத்திரமா கீது," என்றாள் பெனிஷா. "கல்யாணத்துக்கப்புறம் வேலைக்குப் போவக் கூடாதாம். கட்டிக்கப் போற ஜெபர்சன் சொல்லிட்டாரு, அப்பாவும் தலையாட்டிட்டாரு. இப்பதான் என்ன லைன் லீடர் ஆக்கினாங்க. பொடவ தொலஞ்சா அபசகுனம்னு மாப்ள வூட்டுலயே கல்யாணத்த நிறுத்திடுவாங்கன்னு நெனச்சேன். மாரி மேல பழி வரும்னு யோசிக்கல." சந்தனமாரியின் கையைப் பிடித்தாள். "மன்னிச்சிரு மாரி."

சந்தனமாரி கையை உதறினாள். பிறகு துண்டுகளை மடித்துப் பெட்டியில் வைத்தாள். "எங்கிட்ட சொல்லிருந்தா நானே ஒளிச்சு வச்சிருப்பேன்ட்டீ," என்றாள்.

ஜெர்சி எழுந்து அவளிடம் போனாள். "வாய் தவறிப் பேசிட்டேம்மா. மனசுல வச்சுக்காத." பிறகு போனை எடுத்து மாமனார் லாசரைக் கூப்பிட்டாள்.

"மாமா, பொடவ நல்லா கீது. பொண்ணுதான் நல்லா இல்ல. நாளைக்கு நீங்க இங்க வாங்க, பேசணும்."

பெனிஷா அண்ணியை அண்ணாந்து பார்த்தாள்.

"இல்ல மாமா," என்றாள் ஜெர்சி, குரலை உயர்த்தாமலே. "மாப்ள வூட்டுக்கு எதுவும் சொல்றதுக்கு முன்னாடி மொதல்ல இவ சொல்றத கேளுங்க."