எருதுமலைப் பாறைச்செவி

எருதுமலைப் பாறை ஒதுக்கில் பாறைச்செவியைப் பொருத்திக்கொண்டிருந்த ரூபாவதிக்கு, பின்னால் நின்ற பதினோரு பேரையும் திரும்பிப் பார்க்கவே அருவருப்பாக இருந்தது. ஆதிமொழி ஆணையத்தார். இங்கே வாழ்ந்த ஆதிமனிதன் தங்கள் மொழியில்தான் பேசினான் என்று முடிவுகட்டி, அதை அறிவிக்கும் விழாவுக்கு வாழ்த்துரைகூட எழுதிவிட்டு வந்திருந்தார்கள். மலை ஏறி வந்தவர்களும் இல்லை; பறக்கும் நாற்காலிகளில் வந்து இறங்கியவர்கள்.

பாறைமேல் ஆண்டுதோறும் படியும் சுண்ணப் படலத்தில் அருகில் எழும் ஒலிகளும் சேர்ந்து உறையும். பாறைச்செவி அந்தப் படலத்தை ஒளியால் உரித்து ஒலியாக்கும். உரித்தது பொடியாகிவிடும்.

ஒன்பதாயிரம் ஆண்டு பழைய படலம் ஒலித்தது. யாரோ எதையோ வெகுநேரம் மென்றார்கள். மெல்லுவது நின்றது. வேறொருவர் விழுங்கினார். பிறகு தணிந்த குரலில் ஒரு முணுமுணுப்பு.

"என்னம்மா கூத்து இது?" என்றார் தலைவர் கோதண்டராமன்.

"விழுங்குறவருக்குப் பல்லு இல்ல சார். இன்னொருத்தர் மென்னு ஊட்டுறாங்க. ஆறு வருஷப் படலத்துல இதேதான் கேக்குது."

"ஆறு வருஷமா உக்காந்து தின்னானா, வேலைவெட்டி இல்லாத பய! பேச்சு எங்க?"

"ஏதோ சொல்றாங்க சார். நம்ம அகராதியில இல்ல."

"அகராதியில இல்லேன்னா அது பேச்சே இல்ல. சொல்தேடல்ல போடு."

சொல்தேடல் என்பது பாறைச்செவியின் ஒரு முறை; ஆணையத்தின் அகராதியில் உள்ள சொற்களை மட்டும் அது சேமிக்கும்.

"மத்த சத்தமெல்லாம் பதிவாகாம அழிஞ்சிடும் சார்."

"குப்பைதானே?"

இந்த மூடர்களோடு மல்லுக்கட்டுவது தனக்கு இழுக்கு என்று ரூபாவதி நினைத்தாள். அந்த நினைப்பு வசதியாகவும் இருந்தது. பொத்தானை அழுத்தினாள்.

நாற்பது நிமிடத்தில் பாறை மொட்டையானது. செங்காவியில் தீட்டிய மான்களும் படலத்தோடு உதிர்ந்தன. ஒரு சொல்லும் அகப்படவில்லை. கோதண்டராமன் காலணியில் ஒட்டிய வெள்ளைப் பொடியை உதறிவிட்டு அறிக்கை எழுதச் சொன்னார்: "இவ்விடத்தில் மனிதர் எவரும் வாழ்ந்ததில்லை."

அவர் கையெழுத்துக்குக் கீழே, கருவியை இயக்கியவருக்கும் ஓர் இடம் விடப்பட்டிருந்தது. மென்று ஊட்டிய அந்தக் குரல் காதுக்குள் இன்னும் முணுமுணுத்துக்கொண்டிருக்க, ரூபாவதி கையெழுத்திட்டாள்.

மறுவாரம் ஆணை வந்தது. நாட்டிலுள்ள மற்ற எழுநூறு பாறை ஒதுக்குகளையும் இதே முறையில், இதே வேகத்தில் வாசித்து முடிக்க வேண்டும். பொறுப்பாளர்: ரூபாவதி.