ஐம்பத்திரண்டு லிட்டர்

லேப்டாப் கணக்கில் ஐம்பத்திரண்டு லிட்டர் காற்று குறைந்தது.

குந்தவை மறுபடி அளந்தாள். அதே எண். பஞ்சநதம் வீட்டுப் பாட்டு அறையின் சுவருக்குப் பின்னால் விதைநெல் கொட்டிவைத்த பழைய கான்கிரீட் தொட்டி. அறைப்பக்கம் சுவரைத் துளைத்து அதில் இருபத்தோரு அங்குல ஸ்பீக்கரைப் பதித்திருந்தாள். ஆழமான பேஸ் பிசிறில்லாமல் வர, ஸ்பீக்கர் கூம்புக்குப் பின்னால் அசையாத சுவரும் அடைபட்ட காற்றும் வேண்டும். அந்தக் காற்று சுருள்வில் மாதிரி கூம்பைத் தாங்கும். கூம்பு துடிக்கிற விதத்திலிருந்து உள்ளே எவ்வளவு காற்று இருக்கிறதென்று கணக்கிட்டுவிடலாம். அறுநூறு லிட்டர் இருக்க வேண்டும். உள்ளே ஒட்டிய கம்பளி கணக்கைக் கூட்டுமே தவிரக் குறைக்காது.

"என்னம்மா, இன்னும் கணக்கா?" பஞ்சநதம் எட்டிப் பார்த்தார். "சம்பந்தி வீட்டு ஆளுங்க திருப்பனந்தாள் தாண்டிட்டாங்களாம். ஒங்கப்பன் வேற பாதியில எங்கயோ ஓடிட்டான். தண்ணியப் போட்டுட்டு எந்த வரப்புல கெடக்கானோ."

"எங்கப்பா குடிக்க மாட்டாருங்க."

"ஆமா, எல்லா மகளும் அப்படித்தான் சொல்லும்."

அவள் திரையைப் பார்த்தாள். இன்ஜினியர் என்பதால் அவளுக்கு முன்வாசல். தொட்டிக்குள் கம்பளி ஒட்ட வந்த அப்பா பக்கிரிக்குக் கொல்லைப்பக்கம். யார் வந்தார், யார் போனார் என்று கொல்லைப்பக்கத்தை யாரும் பார்ப்பதில்லை.

புது ஸ்பீக்கரின் விறைப்பு தளரட்டும் என்று காலை ஒன்பதிலிருந்து பதினொன்றுவரை முழு வலுவில் பதினெட்டு ஹெர்ட்ஸை ஓடவிட்டிருந்தாள். காதுக்கு எட்டாமல் நெஞ்சுக்கூட்டை மட்டும் பிடித்து உலுக்கும் அந்த அதிர்வில் ஜன்னல் கம்பியும் டம்ளர் தண்ணீரும் சுவரோரப் பல்லியும்கூட நடுங்கிக்கொண்டிருந்தன, எங்கிருந்தோ பசை வாடை வந்துகொண்டே இருந்தது, இடையிடையே சுவருக்குள் ஏதோ மொத்துகிற மாதிரி ஒரு சத்தம். கழன்ற திருகு என்று நினைத்தாள்.

அளக்க ஓடவிட்ட சிக்னலை நிறுத்தினாள்.

சுவருக்குள் தொப்.

அப்பாவுக்கு போன் போட்டாள். சுவிட்ச் ஆஃப். தச்சர் ராம்கிக்குப் போட்டாள்.

"தொட்டி மூடிய எப்ப அடிச்சீங்க?"

"எட்டு மணிக்குக்கா. நீங்கதான முடிங்க முடிங்கன்னு போன்ல கத்துனீங்க."

"அப்பா?"

"டீக்குப் போயிட்டு வந்தேன், ஆளக் காணும். உள்ள ஒரே இருட்டு, குனிஞ்சு குரல் குடுத்தேன். சத்தமில்ல. சரி, போயிட்டாருன்னு மூடிட்டேன்."

முப்பது வருஷம் ரைஸ் மில் எஞ்சினுக்குப் பக்கத்தில் நின்றவர் பக்கிரி. காதோடு வாய் வைத்துச் சொன்னால்தான் கேட்கும். அதிலும் தொட்டிக்குள் பசை வாடை அவரைக் கிறங்க வைத்திருக்கும்.

ஒல்லியான ஆள். ஐம்பத்திரண்டு கிலோ. மனித உடம்பில் கிலோவுக்கு ஏறக்குறைய ஒரு லிட்டர்.

"மூடியக் கழட்டுங்க!"

"அக்கா, எபாக்ஸி பசை போட்டு இறுகிப்போச்சு. ஊசி முனை காத்துகூடக் கசியக் கூடாதுன்னு நீங்கதான்..."

போன் கீழே விழுந்தது. ஸ்பீக்கர் வளையத்தில் பதினாறு திருகுகள். ஆலன் கீயைச் செருகினாள். வழுக்கியது. ஒன்று. உள்ளங்கை கிழிந்தது. இரண்டு.

"ஏய், எதுக்கு அதக் கழட்டுற? வாசல்ல கார் வந்தாச்சு!"

"உள்ள எங்கப்பா இருக்காருங்க!"

"பைத்தியமா நீ?" சிரித்தபடியே பஞ்சநதம் ரிமோட்டை அழுத்தினார்.

கூம்பு அடித்தது. இரண்டு அங்குலக் காற்றைத் தள்ளி, இழுத்து, தள்ளியது. வாசலில் யாரோ "அடேயப்பா" என்றார்கள். சத்தம் அவ்வளவு சுத்தமாக இருந்தது.

அவள் வயரைப் பிடுங்கினாள்.

கூம்பு நின்றது. மூன்றாவது திருகு தரையில் விழுந்து உருண்டது.

கறுப்புக் காகிதக் கூம்பில், ஓரத்தில், உள்ளிருந்து நான்கு புடைப்புகள். விரல்நுனி அளவு. மெதுவாக, மிக மெதுவாக, வெளியே தள்ளின.

நான்கு.

மூன்று.

இரண்டு.