ஈயக் கோட்டு

"ஐயோ!"

அலறியது தாதி மார்த்தா.

அவளுடைய முன்கை கிழிந்து இரத்தம் கொட்டியது. கழுத்தில் மீன் வெட்டும் கத்தி! பிடித்திருந்தவன் அன்ரன்... கற்பிட்டிச் சண்டியன்.

புத்தளத்தில் ஒரு தனியார் ஆஸ்பத்திரி. மேசையில் முந்தல் இறால் பண்ணைக்காரர் முத்தலிபு. வயிற்றில் இரத்தம் ஓடும் பெருங்குழாய் வீங்கி, வெடிக்கும் நிலை! தொடை வழியே நுழைத்த மெல்லிய கம்பியை, எக்ஸ்ரே திரையைப் பார்த்தபடி மேலே நகர்த்திக்கொண்டிருந்தார் டொக்டர் ஸும்ரா.

முத்தலிபு விழித்துத்தான் இருந்தார். ஆனால் காது மந்தம். முகத்துக்கு முன்னால் பச்சைத் துணி. படம் எடுக்கும்போதெல்லாம் ஸும்ரா தோளில் தட்டுவார். அவர் மூச்சை அடக்கி அசையாமல் கிடப்பார்.

"கம்பியால அவர்ட குழாயக் குத்துங்க!" அன்ரன் உறுமினான். "ஒப்பரேசன்ல செத்த மாதிரி இருக்கோணும். இல்லாட்டி இவட கழுத்து போகும்!"

"தம்பி..." என்றார் ஸும்ரா. "இது எக்ஸ்ரே கதிர் அடிக்கிற அறை. கதிரத் தடுக்கிற ஈயக் கோட்டு இல்லாம நிக்க வாணாம். புள்ளைகள் ஈக்கா?"

"...ஒரு மகள்."

"அப்ப போடுங்க. மார்த்தா, கட்டிவிடுங்க."

இரத்தம் வழியும் கையாலேயே முடிச்சுப் போட்டாள் மார்த்தா!

"உங்களுக்கெல்லாம் பைத்தியமா?"

"ஓம். அதுதான் இந்த வேலைக்கு வந்தனாங்க," என்றாள் மார்த்தா.

"திரையப் பாருங்க," என்றார் ஸும்ரா. "கறுப்புக் கோடுதான் பெருங்குழாய். அது அழிஞ்சா அவர் முடிஞ்சார்."

தோளில் ஒரு தட்டு. முத்தலிபு மூச்சை அடக்கினார்.

கோடு மங்கியது... கரைந்தது... மறைந்தது!

மார்த்தாவின் முழங்கை இதயத் துடிப்புக் கருவியின் வயரை இழுத்தது. கருவி ஓலமிட்டது!

அன்ரன் கோட்டோடே வெளியே ஓடினான்.

அங்கே கதிரையில் தஸ்பீஹ் மணி உருட்டிக்கொண்டிருந்தான் ஸப்ரான். முத்தலிபுவின் சொந்தத் தம்பி!

"முடிஞ்சிது, முதலாளி."

"அல்ஹம்துலில்லாஹ்! பண்ணை எனக்கு. டொக்டர் பயத்துல வாய் தொறக்க மாட்டா. மிச்சம் நீ ஒராள்தான்..."

ஸப்ரானின் கத்தி அன்ரனின் நெஞ்சில் பாய்ந்தது!

ஈயத்தைக் கிழித்தது... சதையைக் கீறியது... நின்றுவிட்டது!

அன்ரனின் முஷ்டி இறங்கியது. ஸப்ரானின் தாடை நொறுங்கியது. பற்கள் சிதறின!

பொலிஸ் வந்து இருவருக்கும் விலங்கு மாட்டியபோது, வீங்கிய குழாய் வெடிக்காமல் காக்கும் உறையை அதற்குள் பொருத்திவிட்டு ஸும்ரா வெளியே வந்தார்.

"டொக்டர்... ஒரு நல்ல மனிசனக் கொன்டுட்டன்!" அன்ரன் விம்மினான்.

"யாரு மௌத்தானது? முத்தலிபு நானாக்குப் பசிக்குதாம், கஞ்சி கேக்குறார்!"

"கோடு அழிஞ்சிதே?"

"மருந்துச் சாயம் ஏத்தினாத்தான் குழாய் திரையில தெரியும், தம்பி. சாயம் கழுவுப்பட்டா கோடு போயிரும். இரத்தம் ஓடிக்கிட்டுத்தான் ஈக்கும். அந்தப் பொய்ய அல்லாஹ் மன்னிக்கட்டும்."

"அப்ப... கோட்டு போடச் சொன்னதும் பொய்யா?"

"இல்ல. அது உண்மை!"

அன்ரன் தலை குனிந்து அழுதான்.

கட்டுப் போட்ட கையை நீட்டினாள் மார்த்தா.

"அழுதது காணும், கோட்டக் கழட்டுங்க! உங்கட முதலாளிக்கு தாடை எக்ஸ்ரே எடுக்கோணும்... அவருக்கும் கதிர் படக்கூடாதே!"