தட்டிப் பார்ப்பவர்

சனிக்கிழமை காலை பத்து மணிக்கு அந்த வீட்டின் பூட்டைத் திறந்தேன். கையில் ஒரு சுத்தியல், ஒரு வாளி, பூசுவதற்கு இரண்டு கரணை, ஒரு மடக்குக் கட்டில். மலிவாகக் கிடைத்தது என்று நான் வாங்கிய எழுபது வருடத்து வீடு. இரண்டு அறை, ஒரு சமையலறை, பின்னால் குழாயடி. ஆறு வருடமாக யாரும் குடியில்லை. கதவு திறந்ததும் உள்ளேயிருந்து குளிர்ந்த காற்று வந்தது. நெடுநாள் மூடிக் கிடந்த பெட்டியைத் திறந்தால் வரும் காற்று.

சிட்டு வர ஏழு வாரம் இருந்தது. சிட்டு என் மகள், ஒன்பது வயது. அவள் அம்மாவும் நானும் பிரிந்து இரண்டு வருடம். ஞாயிற்றுக்கிழமை மூன்று மணி நேரம் அவளைப் பார்க்கலாம், அதுவும் பூங்காவிலோ கடைத்தெருவிலோ. அவள் அம்மா போனில் தெளிவாகச் சொல்லியிருந்தாள்: "அவளுக்குன்னு ஒரு ரூம் இருக்கணும். ஒழுங்கா மூடுற கதவு, ஜன்னல், ஈரமில்லாத சுவர். அவ்வளவுதான் கேக்கறேன். இருந்தா லீவு முழுக்க உங்ககூட இருக்கட்டும்."

நியாயமான பேச்சு. அந்த அறையைத் தயார் செய்யத்தான் வந்திருந்தேன்.

நான் லிஃப்ட் மெக்கானிக். இருபது வருடமாக அந்த வேலை. ஓடுகிற பொருளையே சரி செய்கிறவனுக்கு அசையாமல் நிற்கும் சுவர் பெரிய விஷயமா என்று நினைத்தேன். என் முதல் தவறு அதுதான். அக்கா போனில் சிரித்தாள். "டேய் தம்பி, நீ சுவர் பூசினா வீடே மேலயும் கீழயும் போகப் போகுதுடா."

பழைய சுவரில் வேலை தொடங்குவதற்கு முன் அதைத் தட்டிப் பார்க்க வேண்டும். சுத்தியலின் மரப்பிடியால் மெதுவாகத் தட்டினால் போதும். பூச்சு செங்கல்லோடு ஒட்டியிருந்தால் 'டக்' என்று குறுகிய சத்தம் வரும். பூச்சு விலகி உள்ளே வெற்றிடம் இருந்தால் 'டொப்' என்று ஒரு சோர்ந்த சத்தம். 'டொப்' கேட்ட இடத்தில் சாக்பீஸால் ஒரு வட்டம் போட வேண்டும். வட்டத்துக்குள் இருப்பது வெளியே எவ்வளவு அழகாக இருந்தாலும் சரி, முதலில் உடைக்க வேண்டும். முழுக்கக் கொத்தி எடுத்து, தூசியைத் துடைத்து, அப்புறம்தான் நிரப்ப வேண்டும். உடைக்காமல் நிரப்ப முடியாது.

அன்று முழுக்கத் தட்டினேன். இரண்டு இரண்டு தட்டாக, நீல சாக்பீஸோடு. சாயங்காலம் எண்ணிப் பார்த்தேன், சின்ன அறையில் மட்டும் பதினொரு வட்டம். என் வட்டங்கள் கோணலானவை, உருளைக்கிழங்கு மாதிரி.

மறுநாள் காலை பன்னிரண்டு இருந்தன.

பன்னிரண்டாவது ஜன்னலுக்குக் கீழே இருந்தது. காம்பஸ் வைத்து வரைந்தது போல் உருண்டையாக. அதன் நடுவில் தட்டினேன்.

டொப்.

எண்ணியதில் பிழை என்று என்னையே சமாதானப்படுத்திக்கொண்டு உடைத்தேன். உள்ளே ஒரு செங்கல்லே இல்லை. நான் விட்டிருந்தால் ஜன்னல் சட்டம் ஒரு மழைக்குத் தாங்கியிருக்காது.

அடுத்த வாரம் பூச்சு வேலை. காய்ந்த செங்கல் மேல் அப்படியே பூசிவிட்டேன். காய்ந்த செங்கல் தாகத்தோடு இருப்பது. பூச்சில் உள்ள தண்ணீரை ஒரே மடக்கில் குடித்துவிடும். தண்ணீர் போனால் கலவைக்குப் பிடிப்பு இருக்காது. இதெல்லாம் எனக்கு அப்போது தெரியாது. வேலைக்குப் போய்விட்டு ஐந்து மணிக்குத் திரும்பினேன். சுவர் முழுக்க வெடிப்பு. வெடித்த ஒவ்வொரு இடத்தையும் சுற்றி ஓர் உருண்டையான நீல வட்டம்.

வாசல் பூட்டை நான்தான் திறந்து உள்ளே வந்திருந்தேன். ஜன்னல்களை உள்பக்கம் தாழிட்டிருந்தேன்.

பயந்தேனா என்றால், பயந்தேன். ஆனால் உண்மையைச் சொல்ல வேண்டும். அந்தப் பயத்துக்கு அடியில் வேறொன்றும் இருந்தது. இரண்டு வருடமாக என்னிடம் 'இது சரியில்லை' என்று சொல்ல வீட்டில் ஓர் ஆள் இல்லை. சட்டையைத் திருப்பிப் போட்டுக்கொண்டு நாள் முழுக்க அலைந்திருக்கிறேன். தனியாக இருப்பவனின் தவறுகள் யார் கண்ணிலும் படாமல் அவனோடே தங்கிவிடும். இங்கே யாரோ என் வேலையைப் பொறுமையாகப் பார்க்கிறார். கத்தாமல், குத்திக்காட்டாமல், ஒரு வட்டம் மட்டும் போடுகிறார்.

உடைத்தேன். செங்கல்லை நனைத்தேன். மறுபடி பூசினேன்.

ஹார்டுவேர் கடைக்காரர் வாய் ஓயாத மனிதர். என் வீடு எது என்று சொன்னதும் கல்லாவை விட்டு எழுந்தே வந்தார். "அந்த வீடா? முன்னாடி இருந்தவரும் உங்கள மாதிரிதான் சார். ஆளு வேணாம், நானே பண்ணிக்கறேன்னு எட்டு வருஷம் பண்ணாரு."

"முடிச்சாரா?"

"முடிக்கிற ஆளா இருந்தா தெனமும் எதுக்கு என் கடைக்கு வரப்போறாரு? பூசுவாரு, தட்டுவாரு, ஒடைப்பாரு. குடும்பத்த எப்ப கூட்டிட்டு வருவீங்கன்னு கேட்டா, இன்னும் ஒரு எடம் சரியில்லைம்பாரு."

"அப்புறம்?"

"அப்புறம் ஒரு நாள் கடைக்கு வரல." சுண்ணாம்பு மூட்டையை என் பக்கம் தள்ளினார். "சிமெண்ட் வேணாமா? சீக்கிரம் ஆகும்."

வாங்கினேன். அது மூன்றாவது தவறு. பழைய சுவர் மண்ணிலிருந்து ஈரத்தை மேலே இழுக்கும், விளக்குத்திரி எண்ணெயை இழுப்பது போல. சுண்ணாம்புப் பூச்சு அந்த ஈரத்தைக் காற்றில் விட்டுவிடும். சிமெண்ட் விடாது. வழியில்லாத ஈரம் இன்னும் மேலே ஏறும். ஒரே வாரத்தில் சுவர் இடுப்பு உயரத்துக்குக் கறுத்தது. இந்த முறை வட்டம் ஒன்றுதான். தரையிலிருந்து கூரையைத் தொடும் அளவுக்குப் பெரிய ஒரே வட்டம். அந்த உயரத்துக்கு வட்டம் போட ஏணி வேண்டும். ஏணி என்னிடம் இல்லை.

"சரிங்க மேஸ்திரி," என்றேன் சத்தமாக. "ஒடைச்சுடறேன்."

அன்றிலிருந்து அவர் மேஸ்திரி. தினமும் கதவைத் திறந்ததும் "இன்னைக்கு எப்படி மேஸ்திரி?" என்பேன். பதில் வராது. ஆனால் நான் குழாயடியில் சுண்ணாம்பு கரைக்கும்போது சின்ன அறையில் தட்டும் சத்தம் கேட்கும். நான் இரண்டாகத் தட்டுவேன். அவர் மூன்றாக.

டக், டக், டக்.

கொஞ்சம் தள்ளி, டக், டக், டக்.

அவர் சுவரைச் சுற்றி வந்து முடிக்கும் வரை காத்திருந்துவிட்டு உள்ளே போவேன். அது மரியாதை என்று நினைத்துக்கொண்டேன்.

ஆறாவது வாரம் அறை முடிந்தது. சுவர் சமமா என்று பார்க்கும் மட்டப்பலகையை எங்கே வைத்தாலும் அடியில் வெளிச்சம் தெரியவில்லை. முதல் நாள் வட்டம் இல்லை. இரண்டாம் நாள் இல்லை. மூன்றாம் நாளும் இல்லை. தட்டும் சத்தமும் நின்றுவிட்டது.

சந்தோஷப்பட்டிருக்க வேண்டும். கட்டிலில் உட்கார்ந்துகொண்டு வாங்கி வந்த சாப்பாட்டைத் தின்றேன். வீடு அவ்வளவு அமைதியாக இருந்தது. நான் மெல்லும் சத்தம் எனக்கே கேட்டது. அக்காவைக் கூப்பிட்டேன், எடுக்கவில்லை. சிட்டுவைக் கூப்பிட எனக்கான நாள் அது இல்லை.

அப்போதுதான் வேறு யாரும் செய்ய மாட்டாத காரியத்தைச் செய்தேன். நன்றாக இருந்த சுவரில், கதவுக்குப் பின்னால், ஒரு கையகலம் கொத்தி எடுத்தேன். உள்ளே வேண்டுமென்றே வெற்றிடம் விட்டு, மேலே மெல்லிசாகப் பூசி மூடினேன். தட்டிப் பார்த்தேன்.

டொப்.

"மேஸ்திரி, வந்து பாருங்க," என்றேன்.

மறுநாள் ஞாயிறு. மதியம் இரண்டு மணிக்கு அவள் அம்மா சிட்டுவை வாசலில் இறக்கிவிட்டாள். "அஞ்சு மணிக்கு வரேன். அப்ப ரூமப் பாக்கறேன்." சிட்டு ஓடிப்போய் சின்ன அறையின் நடுவில் நின்று கையை விரித்துச் சுற்றினாள்.

"அப்பா, இது முழுக்க எனக்கா?"

"முழுக்க உனக்குத்தான்."

"அம்மா வந்தா தட்டிட்டுத்தான் வரணும். நீங்களும்தான்."

வெயில் தரையில் சதுரமாக விழுந்திருந்தது. அவளை அங்கே விட்டுவிட்டு ஜூஸ் ஊற்ற சமையலறைக்குப் போனேன். இரண்டு டம்ளரை எடுத்து வைத்தேன்.

டக், டக், டக்.

சிரித்தேன். சுத்தியலைக் கண்டுபிடித்துவிட்டாள் என்று நினைத்தேன்.

டக், டக், டக்.

மூன்று. நான் அவளுக்குத் தட்டிக் காட்டியதே இல்லை.

அடுத்து வந்த மூன்று தட்டும் வேறு மாதிரி இருந்தன. மெதுவாக. மென்மையாக. செங்கல்லிலிருந்தோ மரத்திலிருந்தோ அப்படி ஒரு சத்தம் வராது. இருபது வருடமாகச் சத்தத்தை வைத்துத்தான் கோளாறைக் கண்டுபிடிக்கிறேன். எந்தப் பொருளில் தட்டினால் எப்படிக் கேட்கும் என்று எனக்குத் தெரியும்.

டம்ளர் விழுந்தது.

சிட்டு சுவரைப் பார்த்து நின்றிருந்தாள். கைகள் இரண்டும் சுவரில் பதிந்திருந்தன. துணி தைக்க அளவு கொடுப்பவள் போல அசையாமல் நின்றாள். முதுகு என் பக்கம்.

வெள்ளைச் சட்டையின் முதுகில், இரண்டு தோளுக்கும் நடுவில், உருண்டையாக ஒரு நீல வட்டம்.

"சிட்டு."

"ஷ்ஷ். ஆடாம நிக்கச் சொன்னாரு."

"யாரு?"

"மேஸ்திரி மாமா. நீங்கதான் அந்தப் பேரு வெச்சீங்களாமே." திரும்பாமலே, ரகசியம் போலச் சொன்னாள். "என்னையும் தட்டிப் பாத்தாரு அப்பா. உள்ள ஒரு எடம் காலியா இருக்காம். ரெண்டு வருஷமா இருக்காம். சரி பண்ணிடலாம், வலிக்காதுன்னு சொன்னாரு."

அறையில் வேறு யாரும் இல்லை. மூலையில் சாய்த்து வைத்திருந்த சுத்தியல் அங்கே இல்லை.

அவளைத் தூக்கிக்கொண்டு ஓடினேன். தெருமுனை வரை நிற்கவில்லை. காலில் செருப்பு இல்லாததே அங்கே போனபிறகுதான் தெரிந்தது. நடைபாதையில் உட்கார்ந்து அவள் முதுகைத் தேய்த்தேன், தேய்த்துக்கொண்டே இருந்தேன். சாக்பீஸ் தூள் என் உள்ளங்கைக்கு வந்தது. அவள் பயப்படவே இல்லை. அதுதான் என்னை அதிகம் நடுங்க வைத்தது.

"அப்பா, அவரு பாவம். நீங்க கூப்பிட்டதாலதான் வந்தேன்னு சொன்னாரு."

அவள் அம்மாவிடம் கூரை பலமில்லை என்று சொன்னேன். பொய். ஆனால் அந்த வீட்டில் இனி ஒரு நாளும் வேண்டாம் என்று நானே சொன்னதும் அவள் என்னை ஒரு மாதிரி பார்த்தாள், வாக்குவாதம் செய்யவில்லை. ஒரே வாரத்தில் நகரத்தின் மறுகோடியில் ஆறாவது மாடியில் ஒரு வாடகை வீடு பிடித்தேன். புதுக் கட்டடம், கான்கிரீட் சுவர். ஒரே ஒரு படுக்கையறை, அது சிட்டுவுக்கு. நான் கூடத்தில். அவள் அம்மா வந்து கதவை மூடித் திறந்து பார்த்தாள். "இது போதும்," என்றாள். லீவு தொடங்கியது. பழைய வீட்டை விற்றுத் தரச் சொல்லி ஒரு புரோக்கரிடம் சாவியைக் கொடுத்தேன்.

அக்கா எங்களோடு நான்கு நாள் இருக்க வந்தாள். இன்று காலை மூவரும் தோசைக்கல்லைச் சுற்றி நின்றிருந்தோம். சிட்டு ஜன்னலைப் பார்த்துக்கொண்டே சொன்னாள்: "அப்பா, ஜன்னல் இருக்கிற சுவர் மட்டும் கத்திரிப்பூ கலர்ல இருந்தா நல்லா இருக்கும். மத்த மூணும் வெள்ளை."

"வாடகை வீடுடி. ஓனர் கத்துவாரு," என்றாள் அக்கா.

"சும்மா சொன்னேன் அத்தை."

பதினொரு மணிக்குப் புரோக்கர் கூப்பிட்டார். "சார், வீட்டப் பாக்க ஒரு பார்ட்டி வருது. நீங்களும் வந்துட்டா பேசி முடிச்சுடலாம். ஆமா, ஆள வெச்சு வேலைய முடிச்சுட்டீங்க, எங்கிட்ட ஒரு வார்த்த சொல்லலையே?"

"என்ன வேலை?"

"வந்து பாருங்க சார். சூப்பரா இருக்கு."

பட்டப்பகல். வாசலில் புரோக்கர், தெருவில் ஆட்கள். அந்தத் தைரியத்தில்தான் உள்ளே போனேன். சின்ன அறையின் கதவு திறந்திருந்தது. மூன்று சுவர் வெள்ளை. ஜன்னல் இருக்கிற சுவர் மட்டும் கத்திரிப்பூ நிறம். ஒரு பிசிறு இல்லை, ஒரு சொட்டு தரையில் சிந்தவில்லை. விரலை வைத்தேன். நிறம் விரலோடு வந்தது.

"நேத்து சாயங்காலம் பூட்டும்போது இப்படி இல்லியே சார்," என்றார் புரோக்கர் என் பின்னாலிருந்து. "பெயிண்டர் காலைலயே வந்துட்டாரா?"

அக்காவுக்குப் போன் செய்தேன். எடுத்தது சிட்டு. அவள் பின்னால் அக்கா ஏதோ பாத்திரம் தேய்க்கும் சத்தம். எல்லாம் சரியாகத்தான் இருந்தது. எங்கே போகிறேன் என்று நான் வீட்டில் யாரிடமும் சொல்லவில்லை. இப்போதும் வாயைத் திறக்கவில்லை. மூச்சு மட்டும்தான் வாங்கிக்கொண்டிருந்தேன்.

"அப்பா," என்றாள் ஆசையாக. "காஞ்சிடுச்சா?"